ஐம்பதுக்கு மேல் அலைப்பலகை: திருநங்கையர், திருநம்பியர் கேட்ட கேள்விகள்

சர்ஃபிங், அதாவது அலைப்பலகையில் சறுக்கிப் பழகுவது பற்றி, மண்டபம் முதல் வாலிநோக்கம் வரையுள்ள கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டோம்.

கேள்வி: வயது 54. திருநங்கை. 26 வயதில் நிர்வாணம் (ஆணுறுப்பையும் விதையையும் நீக்குவது) ஆனது. அதற்குப் பிறகு மாத்திரை, ஊசி எதையும் தொடரவில்லை. என் சேலா (சீடர்) பிள்ளைகள் அரியமானில் சர்ஃபிங் பழகுகிறார்கள். "நீங்களும் வாங்கம்மா" என்று கூப்பிடுகிறார்கள். முட்டி லேசாக வலிக்கும், மற்றபடி நோய் இல்லை. இந்த வயதில் இறங்கலாமா?

பதில்: தாராளமாக இறங்கலாம். முட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குக் கவலை எலும்பைப் பற்றி. எலும்பு கெட்டியாக இருக்க ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் இரண்டில் ஒன்றாவது உடம்பில் போதிய அளவு வேண்டும். நிர்வாணத்துக்குப் பிறகு முதலாவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இரண்டாவதை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளாவிட்டால் எலும்பு உள்ளுக்குள் மெலிந்துகொண்டே வரும். மற்றப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் தொடங்குவது உங்களுக்கு இருபத்தாறிலேயே தொடங்கியிருக்கக்கூடும். வலி இருக்காது. வழுக்கி விழுந்து கை ஊன்றும்போது மணிக்கட்டு முறிந்தால்தான் தெரியவரும். மூத்த திருநங்கையர் பலருக்கு இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போனது பெரிய குறை. உங்கள் வயதுத் தோழிகளிடமும் சொல்லுங்கள்.

மதுரைக்குப் போய், எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். இடுப்பு, கீழ் முதுகெலும்பு இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து எடுப்பார்கள், ஊசி கிடையாது, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ரிப்போர்ட்டில் 'டி ஸ்கோர்' என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 1-க்கு மேல் இருந்தால் பயமில்லை. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் எலும்பு மெலிந்திருக்கிறது. மணல் தரையில், சின்ன அலையில் மட்டும் பழகுங்கள். மைனஸ் 2.5-ஓ அதற்கும் கீழோ என்றால் அது எலும்புப்புரை. சிகிச்சை தொடங்கி டாக்டர் சரி என்று சொல்லும் வரை அலையில் எழுந்து நிற்க வேண்டாம். அதுவரை அமைதியான தண்ணீரில் துடுப்புப் பலகையில் மண்டியிட்டு ஓட்டலாம். வைட்டமின் டி அளவையும் பாருங்கள். ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். முள்ளோடு தின்னும் நெத்திலி, கேழ்வரகு, மோர் எல்லாம் கணக்கில் சேரும். இத்தனை வருஷம் கழித்து ஹார்மோன் எடுக்கலாமா என்பதை ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் பார்த்து ஹார்மோன் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, கூச்சப்படாமல் கவனியுங்கள். பழைய நிர்வாண முறையில் சிறுநீர்த் துவாரம் நாளாக ஆகச் சுருங்குவது உண்டு. நூல் மாதிரிப் போவது, போன பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, அடிக்கடி எரிச்சல் இருந்தால் சிறுநீரக டாக்டரைப் பார்த்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள். கடற்கரையில் கழிப்பறை இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் வந்தால் தொற்று எளிதில் வரும். இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு அரை லிட்டர் குடியுங்கள். ஏறியதும் சிறுநீர் கழித்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஈர உடுப்பை உடனே மாற்றுங்கள்.

இனி பலகை. உங்கள் எடை 65 முதல் 75 கிலோ என்றால் 9 அடி நீளம், 22 அங்குலத்துக்குக் குறையாத அகலம், 75 லிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ள ஃபோம் போர்டு வேண்டும். பிள்ளைகள் வைத்திருக்கும் 6 அடிப் பலகையை வாங்கிக்கொண்டு இறங்காதீர்கள். அது உங்களைத் தாங்காது. 'வயசாகிவிட்டது' என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள். காலையும் பலகையையும் இணைக்கும் லீஷ் கயிறு பலகையின் நீளமே இருக்கட்டும். பலகையின் அடியிலுள்ள ஃபின் (செதில்) மூன்றும் ரப்பர் போல வளைவதாக இருந்தால் காலில் பட்டாலும் கிழிக்காது. பலகையை வெயிலில் போட்டு வைத்தால் மேல்தோல் கொப்பளித்துப் பிரிந்துவிடும். சவுக்கு நிழலில் வையுங்கள்.

எழுந்து நிற்பதைக் கரையிலேயே பழகிவிட வேண்டும். மணலில் 9 அடிக்கு 2 அடியில் பலகை வடிவம் வரைந்து குப்புறப் படுங்கள். உள்ளங்கை இரண்டும் கடைசி விலா எலும்புக்குப் பக்கத்தில், தட்டையாக. பலகையின் விளிம்பைப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் தண்ணீரில் பலகை ஒரு பக்கம் சாய்ந்து உங்களைக் கவிழ்த்துவிடும். பார்வை முன்னால். நெஞ்சைத் தூக்குங்கள். பின்கால் முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதத்தின் உள்பக்கத்தைப் பலகையில் வையுங்கள். இப்போது இடுப்பு தானாகக் கொஞ்சம் உயரும். அந்த இடைவெளியில் முன்காலை இரண்டு கைக்கும் நடுவில் கொண்டுவந்து வையுங்கள். கடைசியாகக் கையை எடுங்கள். இளம்பிள்ளைகள் துள்ளி எழுவதை நீங்கள் இரண்டு படியாகச் செய்கிறீர்கள், அவ்வளவுதான். பத்து முறை வீதம் மூன்று சுற்று, வாரத்தில் நான்கு நாள், மூன்று வாரம். முட்டியை ஊன்றி எழும் பழக்கம் மட்டும் வேண்டாம். முட்டிக்கும் கேடு, அலையில் அந்த நிலையிலேயே நின்றுவிடுவீர்கள்.

தண்ணீரில் படுக்கும்போது பலகையின் மூக்கு நீர்மட்டத்துக்கு இரண்டு, மூன்று அங்குலம் மேலே தெரிய வேண்டும். மூக்கு குத்தினால் நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். அலை உங்களை விட்டுவிட்டுப் போனால் பின்னால் இருக்கிறீர்கள். விழும்போது பக்கவாட்டில், தட்டையாக, ஒரு சோம்பேறி விழுவது போல விழுங்கள். தலை முதலில் போகவே கூடாது. கீழே போனதும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மேலே வாருங்கள். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை இருக்கக் கூடாது.

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் எந்தக் கடலில், எந்த மாதத்தில் பழகலாம்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: கோவளம், மாமல்லபுரம் போல நீளமாகச் சுருண்டு வரும் அலையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இலங்கை குறுக்கே மறித்து நிற்கிறது. வடகடலான பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் பெரும்பாலும் 13 மீட்டருக்குள் ஆழம் கொண்டது. அங்கே காற்று எழுப்பும் குட்டையான, நெருக்கமான அலைதான் உண்டு. அதனால்தான் 9 அடிப் பலகை என்று அழுத்திச் சொன்னோம். வயதில் மூத்த கற்றுக்குட்டிக்கு இந்தச் சின்ன அலை ஒரு வரம்.

பாம்பன், ராமேசுவரம் பக்கம் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலான மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அந்தப் பேரை நம்பி இறங்காதீர்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றில் பெண்கடல்தான் கொந்தளிக்கும், ஆண்கடல் குளம் போலக் கிடக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்பும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைகீழ். மீனவர்கள் பேரைப் பார்ப்பதில்லை, காற்றைத்தான் பார்க்கிறார்கள்.

கற்றுக்குட்டிகள் அதிகம் மாட்டிக்கொள்வது கச்சான் மாதங்களில், வடகடலில். அரியமான், பிரப்பன்வலசையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அங்கே கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. துடுப்புப் பலகையில் நின்றால் உங்கள் உடம்பே பாய்மரம். கால் மணி நேரத்தில் கரை தூரமாகிவிடும், எதிர்காற்றில் திரும்பத் தோளில் தெம்பு இருக்காது. இந்த மாதங்களில் காலை ஆறு முதல் எட்டரை வரை மட்டும், நெஞ்சளவு ஆழத்துக்குள், பலகையோடு 20 மீட்டர் கயிறும் சின்ன நங்கூரமும் கட்டிக்கொண்டு பழகுங்கள். காற்று இழுத்துவிட்டால் நிற்காதீர்கள். குப்புறப் படுத்துக் கையால் துழாவி வாருங்கள். பலகையை மட்டும் விட்டுவிடக் கூடாது.

அலையில் பழக எங்கள் சிபாரிசு, புயல் பயம் ஓய்ந்த ஜனவரிப் பின்பாதியும் பிப்ரவரியும், அதே அரியமான் கரையில். வாடை மிச்சம் இருக்கும். அது கடலிலிருந்து கரைக்கு வீசுவதால் விழுந்தால் கரையை நோக்கித்தான் தள்ளும். இடுப்பளவு தண்ணீர், மணல் தரை, முழங்கால் உயர அலை. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்த மாவட்டத்தில் இல்லை.

இறங்கக் கூடாத நேரமும் இடமும்: பாம்பன் துறைமுகத்தில் எந்த எண் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தாலும் பலகையைத் தொடாதீர்கள். ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை கொடுத்தாலும் அப்படியே. காற்றே இல்லாத நாளில், தெற்குப் பெருங்கடலில் எங்கோ எழுந்த அலை தென்கடல் கரையில் திடீரென ஏறி அடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். அரிச்சல்முனையில் கால் நனைக்கக்கூட வேண்டாம்: இரண்டு கடலின் நீரோட்டமும் மோதும் இடம், கரை சட்டென்று சரியும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் போக முடியாது. கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிற்றுக்கும் நடுவில் போகாதீர்கள். பாசி வளர்க்கும் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவைகளின் பக்கமும் போகாதீர்கள். லீஷ் அதன் கயிற்றில் சிக்கினால் மடியும் அலையில் கழற்றுவது கஷ்டம். அது அந்தக் குடும்பத்தின் சோறும்கூட.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், ஒரு மணி நேரம் காலை வைத்தால் வலி இறங்கும். முள் உள்ளே முறிந்திருந்தால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும்.

கேள்வி: வயது 59. ஓய்வுபெற்ற அரசு ஊழியர். மனைவி, கல்யாணமான ஒரு மகள். ஊருக்கு நான் ஆண். சின்ன வயதிலிருந்தே உள்ளே ஒன்று உறுத்தியது. வேலை, குடும்பம் என்று மூடி வைத்தேன். போன வருஷம் சர்ஃபிங் பழகத் தொடங்கினேன். தண்ணீரில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் நான் பெண் என்பது சந்தேகமே இல்லாமல் தெரிகிறது. கரையேறிச் சட்டை மாற்றும்போது நெஞ்சில் பாரம் ஏறிவிடுகிறது. இது வயதுக் கோளாறா? டாக்டரிடம் போனால் மாற்றிவிடுவார்களா?

பதில்: வயதுக் கோளாறு இல்லை, நோயும் இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், இது மனநோய்ப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. சின்ன வயதிலிருந்தே உறுத்தியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடல் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. அங்கே கண்ணாடி இல்லை, 'சார்' என்று கூப்பிட ஆளில்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரி முழுக்கை பனியன். அடுத்த அலைக்குள் கால் எங்கே, இடுப்பு எங்கே என்று உடம்பை உள்ளிருந்து மட்டும் கவனிக்கிறீர்கள். நாற்பது வருஷமாக நடித்த பாத்திரத்துக்கு அந்த ஒரு மணி நேரம் விடுப்பு.

இதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. காலம்தான் வேண்டும். ஒரு நோட்டுப் போட்டு மூன்று மாதம் எழுதுங்கள்: தேதி, இடம், எப்போது லேசானது, எப்போது கனத்தது. கடலில் மட்டும் பார்க்காதீர்கள். ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டில் ஆண்கள் பந்தியில் உட்காரும்போது, முகம் மழிக்கும்போது எப்படி இருக்கிறது? கூடவே, வேண்டாமென்றால் திரும்பி வரக்கூடிய சின்ன அடிகளை எடுத்து வையுங்கள். மனதுக்குள் வைத்திருக்கும் பேரைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். நம்பிக்கையான ஒருவரை அந்தப் பேரால் போனில் கூப்பிடச் சொல்லுங்கள். மீசையை எடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் பிறகு நோட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். ஓய்வு பெற்ற பின் வரும் மனச்சோர்வும் கூட இருக்கலாம். தூக்கமின்மை, பசியின்மை இருந்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை எடுங்கள். அது தீர்ந்தால் இதுவும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பாலின அடையாளத்தை 'மாற்றிக் குணப்படுத்தும்' முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடை செய்திருக்கிறது. மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கும்போதே போனில் கேளுங்கள்: "திருநங்கைகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா? மாற்றும் சிகிச்சை செய்வீர்களா?" இரண்டாவது கேள்விக்குத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். அறுவை சிகிச்சை செய்தால்தான் பெண் என்பதும் இல்லை. தன் பாலினத்தைத் தானே அறிவித்துக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-ல் உறுதி செய்தது.

மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது நம் ஊர்களில் அதிகம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் காலில், நுரையீரலில் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். 59 வயதில், சிகரெட்டும் இருந்தால், இன்னும் மோசம். ஹார்மோன் வேண்டும் என்று முடிவானால், டாக்டர்கள் உங்கள் வயதுக்குத் தோலில் ஒட்டும் பட்டை அல்லது ஜெல்லைத்தான் பெரும்பாலும் முதலில் யோசிப்பார்கள்.

மனைவிக்கு அடுத்தவர் வாயால் தெரிய விடாதீர்கள். மகள் வந்திருக்கும் நாள், விசேஷ நாள் வேண்டாம். இரண்டு பேர் மட்டும் இருக்கும் ஒரு சாதாரண மாலையில், உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். இன்னும் முடிவு செய்யாததை முடிவு போலச் சொல்லாதீர்கள். "அப்போ இத்தனை வருஷம் நான் யாரோட வாழ்ந்தேன்?" என்று கேட்பார். அதற்கு விளக்கம் கொடுக்கப் போகாமல் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நாற்பது வருஷம் எடுத்துக்கொண்டதை அவர் ஒரே ராத்திரியில் ஏற்க முடியாது. அவருக்கும் மனம்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும். அது நீங்களாக இருக்க முடியாது.

ஆவணங்களில் பேர் மாற்ற அவசரம் வேண்டாம். ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பேர் ஒத்துப்போக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் வாழ்நாள் சான்று கொடுக்கும்போது பென்ஷன் சிக்கும். மனைவியின் குடும்ப ஓய்வூதியமும் அதில் இருக்கிறது. முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு வரிசை போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: (இரண்டு கடிதங்கள்) திருநம்பி, வயது 46, பைண்டர் (மார்பை அழுத்தி மறைக்கும் உள்ளுடுப்பு) போட்டுக்கொண்டு கடலில் இறங்கலாமா? / திருநங்கை, வயது 50. மார்புக்காக உள்ளே வைக்கும் பஞ்சு தண்ணீரில் நழுவுகிறது, என்ன செய்வது?

பதில்: திருநம்பித் தம்பிக்கு: தினமும் போடும் இறுக்கமான பைண்டர் வேண்டாம், கிரேப் பேண்டேஜ் கூடவே கூடாது. பலகையில் கையால் துழாவ விலா விரிந்து மூச்சு நிறைய வேண்டும். அலைக்குள் போய்விட்டால் அந்த ஒரு மூச்சுதான் கையிருப்பு. ஈரத்தில் துணி இன்னும் பிடிக்கும், உப்பு அக்குளை அறுத்துவிடும். கொக்கி இல்லாத, ஓர் அளவு பெரிய நீச்சல் பைண்டர் போடுங்கள். அது கிடைக்காவிட்டால் நீச்சல் பனியன் இரண்டு: உள்ளே ஓர் அளவு சின்னது, வெளியே தொளதொளவென்று கறுப்பில் கோடோ பூவோ போட்டது. ஒற்றை நிறம் உடம்பு வடிவத்தைக் காட்டும், கலவை நிறம் மறைக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். விரல் மரத்தாலோ விலாவில் குத்தினாலோ உடனே கரையேறிக் கழற்றுங்கள்.

திருநங்கைச் சகோதரிக்கு: பஞ்சும் ஸ்பாஞ்சும் தண்ணீர் குடித்துக் கனத்துக் கீழே இறங்கும். சாதாரண சிலிக்கான் குப்புறப் படுக்கையில் விலாவை அழுத்தும். தண்ணீர் ஏறாத ஃபோமில் செய்த நீச்சல் திண்டு வாங்கி, பனியனுக்குள் தையற்காரரிடம் பை தைத்து வையுங்கள். பட்டன், கொக்கி வேண்டாம், படுத்தால் குத்தும். பையின் வாயைத் தலையணை உறை போல ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துத் தைத்தால் போதும். கீழே உறுப்பை மறைக்க டேப் ஒட்டாதீர்கள். உப்புநீரில் அது நிற்காது, பிரியும்போது தோலோடு வரும். இறுக்கமான நீச்சல் ஜட்டியும் அதன்மேல் முழங்கால் வரை டிரவுசரும் போடுங்கள். சவுரியைக் கரையிலேயே வைத்துவிட்டுத் தாடைப் பட்டி உள்ள துணித்தொப்பி அணியுங்கள். முகத்துக்குத் துத்தநாகம் கலந்த கட்டியான சன்ஸ்கிரீன் பூசினால் வெயிலையும் தடுக்கும், மழித்த இடத்தின் நிழலையும் மறைக்கும்.

உடம்பை மூடிக்கொண்டு இறங்கினால் பார்ப்பார்களோ என்று இருவருமே கேட்டிருந்தீர்கள். இந்தக் கரையில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். மூடிய உடுப்பு இங்கே உழைப்பவர்களின் உடுப்பு.

கேள்வி: ஆண் ஹார்மோனை அடக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுக்கிறேன். கடலில் இறங்குவதற்கு ஏதாவது தடையா?

பதில்: தடையில்லை. அது சிறுநீரை அதிகமாக்கும், ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். வெயிலில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். பலகையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். கரையேறியதும் இரண்டு, மூன்று இளநீர் குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், இந்த மாத்திரையும் உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம். மோரும் தண்ணீரும் போதும். டாக்டர் சொல்லும் இடைவெளியில் பொட்டாசியம் அளவைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்களைப் போன்ற வயதில் யாராவது போட்டி வரை போயிருக்கிறார்களா?

பதில்: ஆஸ்திரேலியாவின் சாஷா ஜேன் லோவர்சன், நாற்பது வயது கடந்த திருநங்கை. 2022-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் நீளப்பலகைப் போட்டியில் பெண்கள் பிரிவில் கலந்துகொண்டார். உலக சர்ஃப் லீக் 2023-ல், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் 12 மாதம் லிட்டருக்கு 5 நானோமோலுக்குக் கீழே இருந்தால் திருநங்கையர் பெண்கள் பிரிவில் கலந்துகொள்ளலாம் என்று விதி செய்தது. அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. காலையில் அரியமானில் இறங்க எந்த அளவும் தேவையில்லை.

கேள்வி: பயிற்சியாளர் நல்ல பையன்தான், ஆனால் 'சார்' என்றே கூப்பிடுகிறார். சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: முதல் நாளே, தண்ணீரில் இறங்குவதற்கு முன்பு, தனியாகக் கூப்பிட்டு மூன்று விஷயம் சொல்லுங்கள். பேர் இது, உடை மாற்ற இந்த இடம், பலகையைத் தள்ளும்போது கைவைப்பது பலகையின் வாலில் மட்டும், என் உடம்பில் வேண்டாம். மூன்றாவதை எல்லா மாணவருக்குமே நல்ல பயிற்சியாளர் அப்படித்தான் செய்வார். 'சார்' வேண்டாம் என்பதைப் பாதுகாப்பு விஷயமாகவே சொல்லலாம்: கடலில் நாலு பேர் இருந்தால் 'சார்' என்ற குரலுக்கு யார் திரும்புவது? அலைச் சத்தத்தில் நீளப் பேர் காதில் விழாது. உங்கள் பேர் நீளமென்றால் 'ராணி', 'மீனா' போல இரண்டு அசைக்குச் சுருக்கி, வாய் திறந்து கத்த முடிகிற நெடில் ஒன்று வருகிறதா என்று பாருங்கள். கரையில் 50 அடி தள்ளி நிற்க வைத்து இரண்டு தடவை கூப்பிடச் சொல்லி, கேட்கிறதா என்று சரிபார்த்துவிட்டு இறங்குங்கள். காற்று அதிகமென்றால் விசில்: ஒன்று என்றால் என்னைப் பார், இரண்டு என்றால் கரைக்கு வா, நிற்காமல் ஊதினால் பலகையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு, நான் வருகிறேன்.